எண்ணெய் கேட்கிற சத்தம்

மூன்று வாரமாக அந்தச் சத்தத்துக்கு மேசை விசிறியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் கணினியைப் போட்டதும் ‘கர்ர்ர்’ என்று ஆரம்பிக்கும். பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் நானும் மறந்துவிடுவேன். 2022ஆம் ஆண்டு ஆனி மாதம் அது. பாளையங்கோட்டையில் மேல்காற்று தொடங்கி, சன்னலைத் திறந்தால் சோற்றுத்தட்டில் மண் விழுகிற காலம். ஆவணி முகூர்த்தங்களுக்கான கல்யாணப் பத்திரிகைகள் வரிசையில் நின்றன. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பத்திரிகை, நோட்டீஸ், கோவில் கொடை அழைப்பிதழ் என்று டிடிபி வேலை, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் அமைக்கிற வேலை, செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த நெருக்கடியில் சத்தத்தைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அதே முன்னறையில், என் மேசைக்கு நாலடி தள்ளி, அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது. மிதித்துத் தைக்கிற பழைய மெஷின். நாற்பது ஆண்டாக ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருப்பவள். ஒருநாள் காலையில் மிதியை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு எழுந்துவந்து மேசை விசிறியின் சுவிட்சை அணைத்தாள். சத்தம் அப்படியே இருந்தது.

“விசிறி இல்லை. உன் பெட்டிதான். உள்ளே ஏதோ புஷ் காய்ந்துபோயிருக்கிறது. எண்ணெய் கேட்கிற சத்தம் இது.”

“கம்ப்யூட்டருக்கு யாராவது எண்ணெய் விடுவார்களா அம்மா?” என்று சிரித்தேன்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். அவள் சொன்னதற்கு நேர்மாறான எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் அவள் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அந்தச் சுற்றுவழியில் கற்றுக்கொண்டவைதான் இங்கே.

முதல் வைத்தியம் எல்லாரும் செய்வதுதான். கேபினட்டின் பக்கவாட்டில் ஒரு தட்டு. ஆச்சரியம், சத்தம் நின்றது. புஷ் என்பது விசிறியின் தண்டு நின்று சுழல்கிற சின்னக் குழாய். தேய்ந்த விசிறியின் தண்டு அந்தப் புஷ்ஷுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசிக்கொண்டிருக்கும். தட்டினால் ஒரு மயிரிழை நகர்ந்து வேறு இடத்தில் உட்காரும். கொஞ்ச நேரம் உரசாது. ஆக, தட்டினால் நிற்கிற சத்தம் ஒரு துப்பு, மருந்து அல்ல. அதோடு அந்தப் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க்கும் இருக்கிறது. சுழலும் தட்டுக்கு மேல் முடியைவிட மெல்லிய இடைவெளியில் அதன் தலை மிதந்துகொண்டிருக்கும்போது நான் வெளியிலிருந்து அறைந்துகொண்டிருந்தேன். எட்டு ஆண்டு வேலை முழுவதும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு வாரத்தில், தட்டினாலும் சத்தம் நிற்காமல் போயிற்று. கூடவே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பெரிய கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும்போது பெட்டி முழுவதும் ‘ஹோ’ என்று இரைந்தது. திரையில் வேலையும் நத்தையாக நகர்ந்தது. வெப்பம் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 58 டிகிரி. பிடிஎஃப் ஆக்கும்போது 94. கணினியின் மூளையான பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நத்தை வேகத்துக்குக் காரணம் அதுதான். சரி, பிராசசர் விசிறிதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே தூசி இருக்கும் என்று தெரியும். ஆனால் நான் பார்த்தது தூசி அல்ல, துணி. பிராசசர் விசிறியைக் கழற்றியதும் அடியில், பிராசசரின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு மேல், சாம்பலும் நீலமுமாக, வட்டமான ஒரு கம்பளித்துண்டு படிந்திருந்தது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சீருடை நீலம், ரவிக்கைச் சிவப்பு, ஜரிகையின் மினுக்கு. எட்டு ஆண்டுகளாக அம்மா வெட்டிய துணிகளின் நூல் பிசிறு எல்லாம் என் கணினி வழியாகத்தான் போயிருக்கின்றன. மேல்காற்று மண் அதை ஒட்டவைத்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நான் போட்ட சாம்பிராணிப் புகை பிசினாக வேலை செய்திருக்கிறது. பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேனே தவிர, ஒரு ஆண்டாவது மூடியைத் திறந்து பார்த்தேனா?

அம்மா அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது கோமதி அக்கா மகள் பாவாடை நிறம்” என்றாள்.

சுத்தம் செய்கிற வேலையில் சொல்ல வேண்டியவை சில. பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெயின்ட் பிரஷ் ஒன்றும் காற்றடிக்கிற ப்ளோயரும் போதும். காற்றடிக்கும்போது விசிறியின் இலைகளை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ளோயர் காற்றில் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். சுழலுகிற மோட்டார் ஜெனரேட்டராக மாறி, எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டுப் பலகைக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். பிள்ளைகள் காற்றாடி மாதிரி சுழல்கிறதே என்று ரசிப்பார்கள். நானும் ரசித்தேன். மொட்டைமாடியில் வைத்து ஊதுவது நல்லது. நான் முன்னறையிலேயே ஊதி, தைத்து மடித்து வைத்திருந்த மூன்று வெள்ளைச் சட்டைகளைத் திரும்பத் துவைக்கவைத்தேன். அந்த வாரம் எனக்குக் காப்பி தாமதமாகத்தான் வந்தது.

பிசிறை எடுக்க ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. ஆர்வக்கோளாறில் நான் அதையும் கழற்றினேன். இன்டெல் பிராசசரோடு வருகிற அந்த வட்ட ஹீட்சிங் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் நிற்கிறது. ஒவ்வொரு முளையின் தலையையும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் வட்டம் திருப்பி மேலே இழுத்தால் விடும். கழற்றுவது எளிது, மாட்டுவதில்தான் இருக்கிறது கஷ்டம். தலைகளை முதலில் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக, ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். எனக்கு மூன்று டிக் கேட்டது. நாலாவதும் கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். கணினியைப் போட்ட இரண்டாம் நிமிடம் வெப்பம் 97க்கு ஏறியது. பதறி அணைத்துவிட்டு, மதர்போர்டைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு முளை பலகையின் துளைக்குள் நுழையாமல் மடங்கி நிற்கிறது. ஒருமுறை கழற்றிவிட்டால், பிராசசரிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்துகிற பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டும் உதவாது. காய்ந்து பொருக்காகிப்போனதை ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பசை வைத்துத்தான் மாட்ட வேண்டும். அதற்கு ஜங்ஷன்வரை ஒரு நடை.

எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 41, பிடிஎஃப் ஆக்கும்போது 67. ‘ஹோ’ இரைச்சல் போயே போய்விட்டது.

‘கர்ர்ர்’ மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது, நான் ஒரே சத்தம் என்று நினைத்தது இரண்டு சத்தங்கள். அம்மா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “மெஷினில் நூல் சிக்கினால் ஒரு சத்தம், பெல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம், எண்ணெய் இல்லாவிட்டால் ஒரு சத்தம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் எதைப் பார்ப்பாய்?” என்றாள்.

கணினிக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ‘ஹோ’ என்பது காற்றின் சத்தம். விசிறியில் பழுது எதுவும் இல்லை; சூடு கூடியதால் மதர்போர்டு அதை வேகமாகச் சுற்றச் சொல்கிறது, அது சுற்றுகிறது. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும் என்பது பொறியாளர்களின் விதி. அடைத்துக்கொண்டதை எடுத்தால் வேகம் தானாகக் குறைந்து இரைச்சல் அடங்கும். ‘டக்டக்டக்’ என்று சீராக, சைக்கிள் சக்கரத்தில் சீட்டுக்கட்டு மாட்டியதுபோல் அடித்தால் ஏதோ ஒரு வயர் இலையில் படுகிறது. ஒரு பிளாஸ்டிக் டையில் சரிசெய்துவிடலாம். பெட்டியின் பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்ததும் ‘உம்ம்’ என்ற ரீங்காரம் நின்றால் தகடோ ஸ்குரூவோ தளர்ந்திருக்கிறது. காலையில் மட்டும் ‘கர்ர்ர்’ என்று அரைத்து, சூடேறியதும் அடங்கினால் புஷ் காய்ந்துவிட்டது: உள்ளே மிச்சமிருக்கிற கெட்டி எண்ணெய் சூட்டில் இளகும்வரைதான் அந்த அழுகை. ‘கிளிக்… கிளிக்…’ என்று ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வந்தால் அது விசிறியே அல்ல, ஹார்டு டிஸ்க். அன்றைக்கு வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள். முதலில் கோப்புகளை வேறெங்காவது நகலெடுங்கள்.

சத்தம் எது என்று தெரிந்தாலும் எந்த விசிறி என்று தெரிய வேண்டும். என் பெட்டியில் மூன்று: பிராசசர் மேல் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒன்று. மாதக் காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை விசிறியின் பக்கத்திலும் வைத்துக் கேட்டேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோலத்தான். பின்பக்க விசிறிக்கு நேராகப் போனதும் காதுக்குள் அரவை மில் ஓடியது. உறுதி செய்துகொள்ள, கணினியை அணைத்து, அந்த விசிறியின் வயரை மட்டும் மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அமைதி. இந்தச் சோதனையைப் பின்பக்க விசிறிக்குச் செய்யலாம். பிராசசர் விசிறிக்குச் செய்யக்கூடாது. திருப்புளியின் நுனியை விசிறியில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறவர்களும் உண்டு. ஓடுகிற மதர்போர்டுக்கு மேல் இரும்பை நீட்டுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற விசிறி சத்தம் போட்டால் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் அதற்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 320 வோல்ட்டுக்கு மேல் ஏறி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற பெரிய கபாசிட்டரில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே காத்திருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், அல்லது முழுதாக மாற்றிவிடுங்கள். மற்ற இரண்டு விசிறிகளும் வெறும் 12 வோல்ட். அவற்றோடு பயமில்லாமல் பழகலாம்.

பின்பக்க விசிறிதான் என்று தெரிந்ததும் நேராக அம்மாவிடம் போயிருக்க வேண்டும். அதற்குள் பத்திரிகை வாங்க வந்த ஒருவர், தன் வீட்டில் இதே தொல்லைக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதாகவும் சத்தம் அன்றே நின்றதாகவும் சொன்னார். எனக்கும் நின்றது. இரண்டு நாள். மூன்றாம் நாள் முன்னைவிட மோசம். தேங்காய் எண்ணெய் காற்றுபட்டுப் பிசுபிசுத்து, பறக்கிற பிசிறையெல்லாம் வாவென்று அழைத்துப் பூசிக்கொண்டது. மார்கழியில் அது பாட்டிலிலேயே உறைந்து நிற்கிறது; 24 டிகிரிக்குக் கீழே போனால் அதன் குணம் அது. புஷ்ஷுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்குமா?

அம்மாவுக்கு வாசனையே சொல்லிவிட்டது. “மெஷினுக்கா தேங்காய் எண்ணெய் விட்டாய்? அது தலைக்கு. எடு இங்கே” என்றாள்.

துரு எடுக்கிற ஸ்பிரேயை அடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் பெரும்பகுதி கரைப்பான். உள்ளே மிச்சமிருக்கிற நல்ல எண்ணெயையும் கழுவிக்கொண்டு ஆவியாகிப் போய்விடும். அழுக்கு எடுக்க அது சரி, மசகாக இருக்கத் தாங்காது. கிரீஸ் எதிர்ப்பக்கத் தவறு. அந்தச் சின்ன மோட்டாரால் அதைக் கலக்கிக்கொண்டு சுற்ற முடியாது. தண்ணீர்போல் மெல்லிய தையல் மெஷின் எண்ணெய்தான் அளவாக இருக்கிறது. அது எங்கள் வீட்டில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மூக்கு நீண்ட தகர டப்பியில் இருக்கிறது.

அம்மா தரையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தாள். “எது விழுந்தாலும் தெரிய வேண்டும்.” விசிறியைக் குப்புற வைத்தேன். நடுவில் வட்டமான ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பாதிவரை உரித்ததும் அடியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன ரப்பர் மூடி. அதை ஊசியால் நெம்பி எடுத்தால் தண்டின் முனை தெரிந்தது; முனையில் ஒரு பள்ளம்; பள்ளத்தைக் கவ்விக்கொண்டு வெள்ளை நைலான் வளையம், ஒரு பக்கம் வெட்டு விட்டு. விசிறி முழுவதையும் பிடித்து வைத்திருப்பது அந்த வளையம்தான். அளவில் அரிசிமணி நீளம்கூட இருக்காது. வெட்டில் ஊசியை நுழைத்து விரித்தேன். ‘டிங்’. காணவில்லை.

வெள்ளைத் துணியில் வெள்ளை வளையம். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு தேடினோம். நான் குண்டூசி பொறுக்குகிற காந்தத்தைக் கொண்டுவந்து துணி மேல் இழுத்தேன். “அது பிளாஸ்டிக், ஐயா” என்றாள் அம்மா. கடைசியில் என் முழங்கைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் செய்யும்போது கறுப்புத் துணி விரியுங்கள். வளையத்தின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு நெம்புங்கள். அது தொலைந்தால் விசிறி குப்பைக்குத்தான்.

வளையம் போனதும் இலைகள் உள்ள பகுதி முழுதாக மேலே எழுந்து வந்தது. அடியில் இரும்புத் தண்டு, பென்சில் முனை கனம். அதைச் சுற்றிக் கறுப்பாக, பழைய புளிபோல் ஒட்டிய பசை. எட்டு ஆண்டு எண்ணெயும் இரண்டு நாள் தேங்காய் எண்ணெயும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தண்டையும் புஷ்ஷின் உட்புறத்தையும் துடைத்தோம். குச்சி ஆறாவது தடவைதான் வெள்ளையாக வந்தது. தண்டில் இருக்கிற சின்ன வாஷர்களையும் ரப்பர் வளையத்தையும் எடுத்த வரிசை மாறாமல் துணியில் அடுக்கி வைத்தாள் அம்மா. பாபின் கேஸைக் கழற்றினால் செய்கிற அதே வேலை.

பிறகு டப்பியை எடுத்தாள். புஷ்ஷுக்குள் ஒரு சொட்டு. தண்டை நுழைத்துக் கையால் சுற்றிவிட்டு, வளையத்தை மாட்டிய பிறகு மேலே இன்னொரு சொட்டு. மூன்றாவது சொட்டுக்கு நான் கைகாட்டினேன். “போதும். வழிந்தால் துணி வீணாகும்” என்றாள். துணி இல்லைதான், ஆனால் சொன்னது சரி. அந்தப் புஷ் உலோகப் பொடியை அழுத்திச் செய்தது. கடற்பஞ்சுபோல் நுண்துளைகளில் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு, ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். குடித்தது போக மிஞ்சினால் இலைகள் வழியே தெறிக்கும். ஸ்டிக்கரும் ஒட்டாது. அந்த ஸ்டிக்கர் பெயர்ப்பலகை மட்டும் அல்ல, மூடி. திறந்துகிடந்தால் எண்ணெய் வெளியேறும், பிசிறு உள்ளே நுழையும். ரப்பர் மூடியை அழுத்தி, சுற்றிலும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து ஸ்டிக்கரை ஒட்டினோம். பழைய ஸ்டிக்கரில் பசை போய்விட்டிருந்தால் செல்லோ டேப் போதும்.

விரலால் சுண்டிவிட்டேன். சத்தமில்லாமல் சுற்றி, மெல்ல நின்றது. நிற்கும்போது லேசாக முன்பின் ஆடிப் படியில் உட்காருவதுபோல் நின்றால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கிற காந்தத்தின் இழுப்பு அது.

மாட்டிக் கணினியைப் போட்டோம். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் மெஷினுக்குப் போய் மிதிக்கத் தொடங்கினாள்.

எண்ணெய் எல்லா விசிறிக்கும் பலிக்காது. சிலவற்றில் ஸ்டிக்கரை உரித்தால் மூடியே இருக்காது, முழுவதும் பிளாஸ்டிக். துளைபோட்டு ஊற்றலாம் என்று சிலர் செய்கிறார்கள். துருவல் உள்ளே விழுந்தால் கதை முடிந்தது. பால் பேரிங் உள்ள விசிறியில் குண்டுகள் தேய்ந்து சத்தம் வந்தால் எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. புஷ் உள்ளதிலும் ஒரு சோதனை உண்டு: இலைகளின் நடுக்குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் வெறும் வறட்சி. ஆடினால் தேய்மானம். என்னுடையது கொஞ்சம் ஆடியது. அம்மா அன்றே கவனித்திருக்கிறாள். “ஆறு மாதம் ஓடும்” என்றாள். ஐந்து மாதம் ஓடியது. மார்கழிக் காலையில், திருப்பாவை ஒலிபெருக்கியோடு ‘கர்ர்ர்’ மறுபடி கேட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் குறை சொல்வதற்கில்லை. இந்த மாதிரிப் புஷ் விசிறிகளுக்கு 30,000 மணி நேரம் என்று ஆயுள் குறிப்பது வழக்கம். 2014இல் வாங்கியது, நாளுக்குப் பத்து மணி நேரம், ஞாயிறு உட்பட. 2022 ஆகும்போது 29,000ஐத் தாண்டிவிட்டது. அதுவும் ஆய்வகக் கணக்கு. அங்கே யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சீருடை வெட்டுவதில்லை.

புதிது வாங்கப் போனதிலும் ஒரு கூத்து. அம்மாவின் இஞ்ச் டேப்பை வைத்து விசிறியின் ஸ்குரூ துளைகளுக்கு நடுவே அளந்தேன். பத்தரை சென்டிமீட்டர். கடையில் போய், “அண்ணாச்சி, 105 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கிறதா?” என்றேன். அப்படி ஓர் அளவு உலகத்திலேயே இல்லை என்றார். சண்டை போடாத குறை. பிறகு அவரே ஒன்றை எடுத்து அளந்து காட்டினார். விசிறியைச் சொல்வது சட்டத்தின் வெளி அளவை வைத்து. 120 மில்லிமீட்டர் விசிறியில் துளைக்குத் துளை 105. 80 விசிறியில் 71.5. கனம் பெரும்பாலும் 25. பழையதைக் கையோடு கொண்டுபோயிருந்தால் இந்தப் பாடமே தேவைப்பட்டிருக்காது.

வயர் முனையையும் பார்த்து வாங்க வேண்டும். மூன்று துளை இருந்தால் இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று வேகத்தைச் சொல்ல. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். மதர்போர்டு அதை எண்ணிக்கொண்டிருக்கும். பிராசசர் விசிறியின் வயரை மாட்ட மறந்தால் கணினி போட்டதும் விசிறிப் பிழை என்று திரையில் வந்து நிற்பது இதனால்தான். நான்காவது துளை இருந்தால் அது வேகத்தைக் கூட்டிக் குறைக்க. அந்தக் கட்டளை நொடிக்கு 25,000 தடவை துடிக்கிறது. நம் காதுக்கு 20,000த்துக்கு மேல் கேட்காது. அதனால் அதில் கீச்சொலி இல்லை. மூன்று துளை விசிறியை நான்கு முள் இடத்திலும் மாட்டலாம், ஓரமாக உள்ள தடுப்பு சரியாக வழிகாட்டும். ஆனால் கணினி தொடங்கும்போது திறக்கிற பயாஸ் அமைப்பில் மாற்றாவிட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். எனக்கு முதல் நாள் அப்படித்தான் ஓடியது, புது விசிறியும் பழுதோ என்று பாதி இரவு விழித்திருந்தேன்.

மாட்டும் திசையைச் சட்டத்தின் ஓரத்தில் உள்ள அம்புக்குறி சொல்லும். குறி இல்லாவிட்டால், ஸ்டிக்கரும் குறுக்குக் கைகளும் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம். பின்பக்க விசிறி சூட்டை வெளியே தள்ள வேண்டும், ஆகவே ஸ்டிக்கர் பெட்டிக்கு வெளியே பார்க்க வேண்டும். ஸ்குரூவை முறுக்கித் தள்ளாதீர்கள். பிளாஸ்டிக் சட்டம் வெடித்துவிடும்.

இப்போது பெட்டி தரையில் இல்லை, ஒரு ஸ்டூலின் மேல். பிசிறு தரையோடு உருளுவதுதான் அதிகம். 2014இல் வாங்கியபோது அம்மா ஆசையாக ஃபிரில் வைத்துத் தைத்துக் கொடுத்த உறையை, கணினி ஓடும்போதும் பாதி மூடியே வைத்திருந்தேன், மரியாதைக்காக. அதை இனி அணைத்த பிறகுதான் போர்த்துகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மூடியைத் திறந்து மாடியில் ஊதுகிறோம். அவள் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற நாளும் அதுவே.

பழைய விசிறியைத் தூக்கிப்போடப் போனபோது அம்மா தடுத்தாள். இலைப்பகுதியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள். நடுக்குமிழின் உட்சுவரில் வளையமாகக் காந்தம் ஓடுகிறது. ஒரு குண்டூசியைப் போட்டாள், சுவரில் ஒட்டிக்கொண்டது. இப்போது அது மெஷினின் பலகை மேல், ஏழு கறுப்பு இதழ்களோடு, ஊசிக்கிண்ணமாக உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் அதிரும்போது கொஞ்சம் நகர்கிறது. சத்தம் மட்டும் போடுவதில்லை.